மூச்சால் வரைந்த குதிரைகள்

இரண்டு குதிரைகள். பின்புறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க, ஒன்று வலப்பக்கம் பார்க்கிறது, மற்றொன்று இடப்பக்கம். கழுத்தும் பிடரியும் அடர்ந்த கறுப்பு. உடலெங்கும் கறுப்புப் புள்ளிகள். தென்மேற்குப் பிரான்சில் கப்ரரே என்ற சிற்றூருக்கு அருகே, பெஷ் மெர்ல் குகைக்குள் இருக்கும் இந்த ஓவியத்துக்கு வயது ஏறத்தாழ 29,000 ஆண்டுகள். ஆதிமனிதக் கலை என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது லாஸ்கோ குகையின் காளைகள், அல்தாமிரா குகையின் காட்டெருமைகள். அவற்றின் பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மறுபடி மறுபடி என்னை இழுப்பவை இந்தப் புள்ளிக் குதிரைகள்தான்.

முதலில் அந்தப் பாறையைப் பார்க்க வேண்டும். மூன்று மீட்டருக்கு மேல் நீளும் சுவர் அது. அதன் வலது ஓரம் இயற்கையாகவே ஒரு குதிரைத் தலையின் வடிவில் முடிகிறது. நெற்றி, முகவாய் எல்லாம் கல்லிலேயே இருக்கின்றன. வரைந்தவர் அதைக் கண்டுகொண்டார். சாதாரணக் கைவினைஞராக இருந்திருந்தால் அந்தக் கல்முகத்தை அப்படியே நிரப்பி ஒரு பெரிய தலையாக்கியிருப்பார். இவர் அப்படிச் செய்யவில்லை. கல்லின் முகத்துக்குள் மிகச் சிறிய, கூர்மையான ஒரு கறுப்புத் தலையை வரைந்தார். பெருத்த உடலுக்குப் பொருந்தாத சின்னத் தலை. இடப்பக்கக் குதிரைக்கு அத்தகைய கல் விளிம்பு எதுவும் இல்லை. அதற்கும் அதே சின்னத் தலைதான். ஆகவே அது இடம் போதாமல் வந்த குறையாக இருக்க முடியாது. உடலின் கனத்தைக் கூட்டிக் காட்டத் தலையைச் சிறிதாக்கும் ஒரு பாணி, ஒரு தெரிவு. வெளியே கல்லின் தலை, உள்ளே கரியின் தலை என்று ஒரே குதிரைக்கு இரண்டு முகங்கள் கிடைத்துவிட்டன. விளக்கு அசையும்போது எந்த முகம் முன்னே வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்த ஓவியத்தில் பெரும்பகுதி தூரிகையால் வரையப்பட்டதல்ல. வாயால் ஊதப்பட்டது. இதைச் செய்து காட்டியவர் மிஷேல் லோர்பிளான்ஷே என்ற பிரெஞ்சு ஆய்வாளர். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் பாறை ஓவியங்களோடு பல காலம் பழகியவர். கரியைப் பொடித்து வாயிலிட்டு, உமிழ்நீரும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்து, உதடுகளைக் குவித்துச் சுவரில் துப்பித் துப்பி, இதே குதிரைகளை வேறொரு குகைச் சுவரில் மறுபடி உருவாக்கினார். முதுகுக்கோடு ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் புகைபோல் மங்கியும் இருப்பது எப்படி என்பது அப்போதுதான் விளங்கியது. உள்ளங்கையைச் சுவரோடு அணைத்து, கையின் ஓரத்தை ஒட்டி ஊதினால் அந்தக் கோடு கிடைக்கிறது. தோல்துண்டு ஒன்றில் துளையிட்டு அதன் வழியே ஊதினால் புள்ளி. முழு வேலைக்கும் ஏறத்தாழ 32 மணி நேரம் ஆனது.

உயிரோவியம் என்கிறோம் தமிழில். உயிருள்ளதுபோல் தோன்றும் ஓவியம் என்பதே நாம் கொள்ளும் பொருள். ஆனால் உயிர்ப்பு என்றால் மூச்சு. நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. பெஷ் மெர்ல் குதிரைகள் இரண்டு பொருளிலும் உயிரோவியம். வரைந்தவரின் மூச்சுதான் அந்தச் சுவரில் கறுப்பாகப் படிந்து கிடக்கிறது.

இப்போது அந்தப் புள்ளிகளுக்கு வருகிறேன். புள்ளிமான் நமக்குத் தெரியும். குதிரைக்கு ஏது புள்ளி? பனியுகத்துக் குதிரைகளுக்குப் புள்ளி இருந்திருக்காது, இது ஏதோ சடங்குக் குறி, கனவில் கண்ட விலங்கு என்றே அறிஞர்கள் பலர் எழுதினார்கள். 2011இல் மரபணு ஆய்வு ஒன்று வெளியானது. மனிதன் குதிரையைப் பழக்குவதற்கு முற்பட்ட காலத்தைச் சேர்ந்த 31 குதிரைகளின் எலும்புகளையும் பற்களையும் ஆராய்ந்தபோது, அவற்றில் ஆறில் சிறுத்தைப்புள்ளித் தோலுக்கான மரபணு இருந்தது. வரைந்தவர் கண்ணால் கண்டதைத்தான் வரைந்திருக்கிறார். ஆதிமனிதனின் கண்ணை நம்பாமல் அவனுடைய மூடநம்பிக்கையை மட்டும் தேடிய பழக்கத்துக்கு அது நல்ல பதில்.

ஆனாலும் அந்த ஆய்வு எல்லாவற்றையும் முடித்துவிட்டதாக நான் எண்ணவில்லை. படத்தை நிதானமாகப் பார்த்தால், புள்ளிகள் குதிரையின் உடலோடு நிற்பதில்லை. முதுகுக்கு மேலே, வயிற்றுக்குக் கீழே, வெற்றுப் பாறையிலும் சிதறியிருக்கின்றன. தோலின் புள்ளி உடலைவிட்டு வெளியே நடக்குமா? கண்ட குதிரையில் தொடங்கி, புள்ளியின் தாளத்தில் மனம் லயித்து, அதைச் சுவரெங்கும் இழைத்துக்கொண்டே போன ஒரு கலைஞரைத்தான் நான் அங்கே பார்க்கிறேன். உற்றுநோக்கலும் கற்பனையும் அந்த ஆதிக் கலைஞர்களுக்கு இரண்டு வேலைகளாக இருந்திருக்கவில்லை.

பசிதான் அவர்களை வரையத் தூண்டியது, வேட்டை கைகூட வேண்டி வரைந்தார்கள் என்பதும் ஒரு பழைய விளக்கம். லாஸ்கோவில் கிடைத்த உணவு எலும்புகளில் மிகப் பெரும்பாலானவை பனிமானுடையவை. அங்கே நூற்றுக்கணக்கான விலங்கு உருவங்களுக்கு நடுவே பனிமான் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. தின்றது ஒன்று, தீட்டியது வேறொன்று.

குதிரைகளைச் சுற்றிக் கைகள் இருக்கின்றன. மாவில் தோய்த்து ஒற்றிய கைகள் அல்ல. கையைச் சுவரில் வைத்து, சுற்றிலும் கறுப்பை ஊதிவிட்டுக் கையை எடுத்துவிட்டார்கள். கை இருந்த இடம் மட்டும் வெறுமையாக நிற்கிறது. இதே செயலை இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் குறைந்தது 39,900 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் செய்திருப்பதாக 2014இல் கணித்தார்கள். அர்ஜென்டினாவின் படகோனியாவில் கைகளின் குகை என்றே பெயர்பெற்ற இடத்தின் பாறைச்சுவரில் நூற்றுக்கணக்கான கைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றில் பெரும்பாலானவை இடக்கைகள்: சாயத்தை ஊதும் எலும்புக்குழலை வலக்கை பிடித்திருக்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மக்கள், கடல்களுக்கு அப்பால், பல்லாயிரம் ஆண்டு இடைவெளியில் அதே காரியத்தைச் செய்திருக்கிறார்கள்.

யாருடைய கைகள்? குகை ஓவியர் என்றதும் தாடிவைத்த வேட்டைக்காரர் ஒருவரைப் படம் போட்டுக் காட்டுவது பாடநூல்களின் வழக்கம். அமெரிக்கத் தொல்லியலாளர் டீன் ஸ்னோ, பெஷ் மெர்ல் உள்பட பிரான்ஸ், ஸ்பெயின் குகைகளிலிருந்து 32 கைத்தடங்களின் விரல் நீளங்களை அளந்து, 24 பெண்களுடையவை என்று 2013இல் எழுதினார். அவருடைய அளவுமுறையை ஏற்காதவர்கள் உண்டு. அந்த விவாதம் நடக்கட்டும். அந்தத் தாடிக்காரரை நாம் ஒருபோதும் கேள்வி கேட்காமல் இருந்தோம் என்பதே எனக்கு உறுத்துகிறது.

பெஷ் மெர்ல் குதிரைகள் இருப்பது பகல் வெளிச்சம் எட்டாத ஆழத்தில். கொழுப்பு ஊற்றிய கல்விளக்கின் சிறுசுடரில், சுவருக்குச் சில விரற்கடை தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, வாய் கசக்கக் கசக்க ஊதியிருக்கிறார்கள். உடனிருந்தவர் யாரோ விளக்கைப் பிடித்திருக்க வேண்டும்.

1922இல் இந்த ஓவியங்களை முதலில் கண்டவர்கள் பதின்வயதுப் பிள்ளைகள். குகைகளைத் தேடுவதில் பித்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பாதிரியார் அமேதே லெமோஸியிடம் ஆர்வம் தொற்றி, குறுகிய வழியில் ஊர்ந்து உள்ளே போனவர்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே இன்னொரு பிள்ளையும் அங்கே வந்து போயிருக்கிறது. கெட்டிப்பட்ட களிமண்ணில் அதன் வெறுங்கால் தடங்கள் இன்னும் இருக்கின்றன.