பெயர்ப்பலகையும் சம்பளப் பட்டியலும்

2022-23 நிதியாண்டைக் கேரள அரசு தொழில்முனைவோர் ஆண்டாக அறிவித்தது. இலக்கு 1 லட்சம் புதுத் தொழில்கள். அரசுக் கணக்கில் வந்ததோ ஏறக்குறைய 1.39 லட்சம்; வேலை சுமார் 3 லட்சம் பேருக்கு. வகுத்துப் பார்த்தால் ஒரு தொழிலுக்கு இரண்டு பேர் சொச்சம். முதலாளி, கூட ஓர் ஆள்.

ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கடைகளையும் புதுக்கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று எதிர்க்கட்சி சொன்னது. அந்தச் சண்டை இருக்கட்டும். எல்லாமே புதியவை என்றே ஒப்புக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது.

திருவனந்தபுரம் கோட்டையை ஒட்டிய ஸ்ரீவராகத்தில் ஒருவர் கடன் வாங்கி, கிரைண்டர் போட்டு, தோசை மாவு பாக்கெட் விற்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் இரண்டு வேலை ஏறிவிடும். தெருவில் தோசை சுடும் வீடுகள் கூடிவிடவில்லையே! அடுத்த தெருவில் மாவு விற்பவருக்கு வாடிக்கை குறைந்து உதவியாளை நிறுத்தினால், அந்த இழப்பை எழுத ஏட்டில் பத்தியே கிடையாது.

ஃப்ரிட்ஷ், முல்லர் என்ற ஆய்வாளர்கள் மேற்கு ஜெர்மனியின் வட்டாரங்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியதே. புதுத்தொழில் பெருகியதும் வேலை சற்று ஏறுகிறது. பிறகு போட்டியில் பழையதும் புதியதுமாகப் பல மூடப்பட, சில ஆண்டுகள் இறங்குகிறது. தாக்குப்பிடித்தவை வளர்வதால் வரும் பலன் எட்டாம் ஆண்டு வாக்கில்தான் உச்சம் தொடுகிறது.

அதற்காகத் திட்டமே வீண் என்பது அநியாயம். கொடி பிடிப்பவர்களுக்கு அஞ்சி முதலாளிகள் ஓடுவார்கள் என்று பெயரெடுத்த மாநிலத்தில், உள்ளாட்சிதோறும் ஆள் போட்டு லைசென்ஸுக்கும் கடனுக்கும் வழிகாட்டியது சின்ன விஷயமில்லை. எந்தக் கடை வளரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. வயநாட்டுக்காரரான பி.சி. முஸ்தஃபா 2005-இல் உறவினர்களுடன் ஆரம்பித்த 'ஐடி' என்ற உணவு நிறுவனமும் மாவு பாக்கெட்டில் தொடங்கியதுதான். ஆனால் ஆரம்பித்த இடம் பெங்களூரு.

திருவனந்தபுரத்தில் 1990-இல் நிறுவப்பட்ட தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க்கில் இன்று 70,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கிறார்கள். அது முப்பதாண்டுக்கும் மேலான விளைச்சல். இன்னொரு பக்கம், 2023-24 தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பில் 15-29 வயதினரிடையே கேரளத்தின் வேலையின்மை 29.9 சதவீதம். பட்டம் வாங்கிய பிள்ளை மாவுக்கடைச் சம்பளத்துக்கு வரமாட்டான்.

எத்தனை வேலை நிலைத்தது என்று அறிய, அன்று பதிவுசெய்ய அலைந்த அதே ஆட்களை அதே முகவரிகளுக்கு மறுபடி அனுப்பலாம். ஷட்டர் திறந்திருக்கிறதா, மூன்றாவதாக ஓர் ஆள் சேர்ந்திருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகள் போதும்.