98-உம் 72-உம்: மறதி நோய் ஆய்வுக்கு யார் கதவு திறக்கலை?

டிமென்ஷியா ஆய்வுகளில் எல்லாத் தரப்பு மக்களையும் சேர்க்கணும் என்ற பேச்சு வந்தாலே, கூடவே ஒரு முன்முடிவும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. படிக்காதவங்க, ஏழைங்க, கிராமத்து ஆட்கள் ஆய்வுக்கு வரமாட்டாங்க. அவங்களுக்கு விழிப்புணர்வு ஊட்டித்தான் அழைத்து வரணும் என்பதுதான் அது. அமெரிக்காவில் இந்தக் கவலைக்கு ஒரு வரலாறு இருக்கு. 1932 முதல் 1972 வரை டஸ்கிகீயில் நடந்த அநியாயத்துக்குப் பிறகு, கறுப்பின மக்கள் ஆய்வாளர்களைச் சந்தேகிப்பதில் ஆச்சரியமில்லை. அதே கதையை நம்மூருக்கும் மாட்டிவிடுவதுதான் எனக்கு உறுத்துது. ஏன்னா, நம்ம கையில் இருக்கும் தரவு வேற ஒன்றைச் சொல்லுது.

1998-ல் கொச்சியில் '10/66' என்ற ஆய்வுக் குழு உருவானது. பெயரே ஒரு குற்றச்சாட்டுதான்: டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள், ஆனால் மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பத்தியது இல்லை. இந்தியாவில் இக்குழு இரண்டு களங்களை எடுத்தது. நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர் பகுதி. ஒவ்வொன்றிலும் 65 வயசும் அதற்கு மேலும் ஆன சுமார் 1,000 பேர். வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள்.

2008-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. எல்லாரும் நோய் விகிதத்தைத்தான் மேற்கோள் காட்டுவாங்க. அதே கட்டுரையில் எத்தனை பேர் பங்கேற்கச் சம்மதித்தார்கள் என்ற கணக்கும் இருக்கு. வேலூர் கிராமங்களில் 98 சதவீதம். சென்னையில் 72. சீனாவிலும் இதே கதைதான்: கிராமத்தில் 96, நகரத்தில் 74. அதாவது, 'வரமாட்டாங்க' என்று நாம் நினைத்தவர்கள் கதவைத் திறந்தார்கள். நகரத்தில்தான் நாலில் ஒரு பங்குக்கு மேல் விட்டுப்போச்சு.

ஏன் விட்டுப்போச்சு? இது என் ஊகம்தான், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்தை மனசில் வைத்துச் சொல்றேன். காலை 11 மணிக்கு அங்கே வீட்டில் யார் இருப்பாங்க? மகன் எஸ்டேட்டில் ஷிப்டில், மருமகள் எக்ஸ்போர்ட் கம்பெனியில். டிமென்ஷியாவைக் கண்டறிய முதியவரை மட்டும் கேட்டால் போதாது. அவரைத் தினம் பார்க்கும் ஒருவர் 'முன்னே எப்படி, இப்ப எப்படி' என்று சொல்லணும். அந்த ஆள் வீடு திரும்ப ராத்திரி எட்டு ஆகும். பங்கேற்பு குறைந்தால் மக்களின் அறியாமையைக் காரணம் சொல்வதற்கு முன்னால், ஆய்வாளர் எத்தனை மணிக்குக் கதவைத் தட்டினார் என்று பார்க்கணும்.

அந்த உறவினர் என்ன சொல்கிறார் என்பதும் சிக்கல். டிஎஸ்எம்-4 என்ற வழக்கமான அளவுகோலின்படி வேலூர்ப் பகுதியில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். 10/66 குழு தானே உருவாக்கிய முறைப்படி, உலகின் எந்தக் களத்திலும் 5.6 சதவீதத்துக்குக் குறையலை. ஏன் இவ்வளவு வித்தியாசம்? டிஎஸ்எம்-4-க்கு மறதி மட்டும் போதாது. அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கணும். சோறு போட்டு, துணி துவைத்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் இருக்கும் வீட்டில் அந்தப் பாதிப்பு வெளியே தெரியாது. 'வயசானா குழந்தை மாதிரி ஆயிடுவாங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஆக, ஒருவரைக் கணக்கெடுப்பில் சேர்த்த பிறகும் அவர் நோய் கணக்கில் வராமல் போகலாம்.

இந்தக் கேள்வியை எழுப்பியதே 10/66 குழுவின் பெரிய பங்களிப்பு. ஆனாலும் அதன் மீது ஒரு குறை இருக்கு. 'நகரம்', 'கிராமம்' என்று இரண்டே பெட்டிதான். பின்னால் வந்த லாசி-டாட் தேசிய ஆய்வும் அப்படித்தான் பிரித்துக் காட்டுது: 60 வயசுக்கு மேற்பட்டோரில் நகரத்தில் 5.3 சதவீதம், கிராமத்தில் 8.4. பெண்களில் 9, ஆண்களில் 5.8. 2011 வரை தனி நகராட்சியாக இருந்து சென்னை மாநகராட்சியில் சேர்ந்த அம்பத்தூரும், 2019-ல் தானே மாநகராட்சியான ஆவடியும் எந்தப் பெட்டி? டேங்க் ஃபேக்டரியில் ஓய்வுபெற்று பென்ஷன் வாங்கும் பெரியவரும், பிழைக்க வந்து சித்தாளாகவே முதுமை அடைந்த அம்மாவும் ஒரே வார்டில் இருக்காங்க. காகிதத்தில் இருவரும் 'நகரம்'. பள்ளிப் படிப்பும் வயசுக்கால வருமானமும் இருவருக்கும் ஒன்றா? லாசி-டாடே படிப்பு குறையக் குறைய டிமென்ஷியா கூடுவதைக் காட்டியிருக்கு. அப்படியிருக்க, அந்த அம்மாவைத் தனியாகத் தேடிப்போகாத 'நகர' மாதிரியை எப்படி நம்புவது?

தேடிப்போகும் வழி நம்மிடம் இல்லாமல் இல்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிபி மாத்திரை வீட்டுக்கே வருது. அந்த ஊழியருக்குத் தெருவில் எந்தப் பாட்டி ஒரே கேள்வியை நாலு தடவை கேட்கிறார் என்று தெரிந்திருக்கும். கல்யாண மண்டபத்தில் பேனர் கட்டி நடத்தும் முகாமைவிட அவர் துணை பெரியது. ஞாயிற்றுக்கிழமை வருகை, தெலுங்கும் உருதும் பேசத் தெரிந்த களப்பணியாளர் என்று சின்னச் சின்ன ஏற்பாடுகள் போதும்.

கடைசியாக, வாங்கிக்கொண்டு போனவர்கள் என்ன திருப்பித் தந்தார்கள்? கோவாவில் 81 குடும்பங்களோடு நடந்த சோதனையில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வீட்டுக்கே போய், பராமரிப்பவரின் மனச்சுமையைக் குறைத்தார்கள். சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு, வெளிநாட்டில் உருவான குழு மனத்தூண்டல் பயிற்சியைத் தமிழுக்கு ஏற்ப மாற்றியது. இனி ஆவடிக்கு வரும் எந்த ஆய்வும் இப்படி ஒன்றைக் கையோடு கொண்டுவரட்டும். ரத்தமும் பதிலும் கொடுத்த மருமகளுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஓய்வு கிடைக்கணும்.