விவிலியத்தில் ஆடையும் நிர்வாணமும்

கிறித்தவ மறைநூலாகிய விவிலியத்தில், தொடக்க நூலின் முதல் அதிகாரங்களிலிருந்து திருவெளிப்பாட்டின் இறுதி அதிகாரம் வரை தொடர்ந்து வரும் குறியீடுகளில் ஆடையும் நிர்வாணமும் அடங்கும். ஆடை என்றால் நாணம், நிர்வாணம் என்றால் பாவம் என்ற சமன்பாட்டைக் கொண்டு இவற்றை ஒழுக்கப் போதனையாக மட்டும் வாசிக்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆனால் இக்கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்தச் சமன்பாடு நிற்பதில்லை. உடல் மூடியிருக்கிறதா என்பதைவிட, அதற்கு உடுத்தியவர் யார், அதன் ஆடையைப் பறித்தவர் யார் என்பதிலேயே விவிலியம் அதிகக் கவனம் செலுத்துகிறது.

இலையும் தோலும்

தொடக்க நூல் முதல் மனிதர் இருவரையும் ஆடையற்றவர்களாக, அதே வேளையில் வெட்கம் என்பதை அறியாதவர்களாக அறிமுகம் செய்கிறது (2:25). நிர்வாணம் பாவத்துக்கு முன்பே இருந்தது. எனவே அதைப் பாவத்தின் அடையாளமாகக் கொள்ள இடமில்லை. எபிரேய மூலத்தில் இங்கே ஒரு சொல்விளையாட்டும் உண்டு. ஆடையற்றவர்களைக் குறிக்கும் சொல் 'அரூம்மிம்'. அடுத்த வசனத்தில் பாம்பின் தந்திரத்தைக் குறிக்கும் சொல் 'அரூம்'. மறைக்க எதுவுமில்லாத இருவரின் அருகே, உள்ளத்தில் ஒன்றை மறைத்துப் பேசும் பாம்பு வந்து நிற்பதை இந்த ஒலி ஒற்றுமை உணர்த்துகிறது.

விலக்கப்பட்ட கனியை உண்டபின் அவர்கள் முதலில் அறிவது தங்கள் நிர்வாணத்தை. உடனே அத்தி இலைகளைத் தைத்து இடையில் கட்டிக்கொள்கிறார்கள். அதன் பிறகும் கடவுளின் குரல் கேட்டு மரங்களுக்கிடையே ஒளிகிறார்கள். தாமே செய்துகொண்ட ஆடை அவர்களின் அச்சத்தைப் போக்கவில்லை. தண்டனை அறிவிக்கப்பட்ட பின்னர், தோட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவதற்கு முன்னர், கடவுளே தோலாடை செய்து அவர்களுக்கு உடுத்துகிறார் (3:21). தோல் என்பதால் ஒரு விலங்கு கொல்லப்பட்டிருக்க வேண்டும் என ஊகித்து, அதைக் கிறிஸ்துவின் பலிக்கு முன்னடையாளமாகக் கண்ட உரையாளர்கள் உண்டு. மூலத்தில் பலி பற்றிய பேச்சே இல்லை. தண்டனை தந்தவரே உடுத்தியும் அனுப்புகிறார் என்பதுதான் கதை சொல்லும் செய்தி.

பார்த்தவனின் குற்றம்

நோவா மது அருந்தித் தன் கூடாரத்தில் ஆடையின்றிக் கிடக்கிறார் (தொடக்க நூல் 9:20-27). மகன் காம் அதைப் பார்த்து வெளியே சென்று சகோதரரிடம் சொல்கிறான். சேமும் எப்பேத்தும் பின்னோக்கி நடந்து சென்று, முகத்தைத் திருப்பியபடியே தந்தைக்குப் போர்த்துகிறார்கள். குடித்துக் கிடந்தவரைக் கதை கண்டிக்கவில்லை. பார்த்ததைப் பரப்பியதே குற்றமாகிறது.

ஆனால் சாபம் காமின் மகன் கானான் மீது விழுகிறது. இதைக் 'காமின் சாபம்' என்று மாற்றி, ஆப்பிரிக்கரை அடிமைப்படுத்துவதற்கு மறைநூல் சான்றாகப் பிற்காலத்தில் பயன்படுத்தினார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமை முறையை ஆதரித்தவர்களுக்கு இது ஒரு முக்கிய வாதமாக இருந்தது. இப்பகுதியில் தோலின் நிறம் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. பிறர் நிர்வாணத்தை இழிவுபடுத்தாதே என்று உணர்த்தும் கதை, மனிதரை ஆடை உரித்துச் சந்தையில் நிறுத்தி விற்றவர்களுக்குத் துணைபோனது விவிலிய வாசிப்பு வரலாற்றின் பெரும் முரண்.

ஏழையின் மேலுடை

பண்டைய இசுரயேலில் ஏழைக்கு மேலுடையே இரவில் போர்வை. ஆகவே அடகாக வாங்கிய மேலுடையைக் கதிரவன் மறையுமுன் திருப்பித் தரவேண்டும் என விடுதலைப் பயண நூல் கட்டளையிடுகிறது (22:26-27). கைம்பெண்ணின் ஆடையை அடகாக வாங்கவே கூடாது என்கிறது இணைச்சட்டம் (24:17). அடகாகப் பெற்ற ஆடைகளை விரித்துப் பலிபீடங்களின் அருகில் படுப்போரை ஆமோஸ் சாடுகிறார் (2:8).

இவை நடைமுறை வாழ்வோடு ஒட்டிய சட்டங்கள் என்பதற்குத் தொல்லியல் சான்று உண்டு. இசுரேலின் கடற்கரையோரம் மெசாத் ஹஷவ்யாஹு என்ற இடத்தில் 1960இல் எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அதில், அறுவடைத் தொழிலாளி ஒருவர் தம்மிடமிருந்து பறித்த ஆடையைத் திரும்பப் பெற்றுத் தருமாறு அதிகாரியிடம் முறையிடுகிறார்.

இப்பின்னணியில் இயேசுவின் ஒரு போதனை புதிய பொருள் பெறுகிறது. அங்கிக்காக வழக்குத் தொடுப்பவனுக்கு மேலுடையையும் கொடுத்துவிடுமாறு அவர் சொல்கிறார் (மத்தேயு 5:40). இதைப் பணிந்துபோகும் அறிவுரையாகவே பலர் வாசித்தனர். அமெரிக்க இறையியலாளர் வால்டர் விங்க் வேறு விளக்கம் தந்தார். இரண்டு ஆடைகளே உள்ள ஏழை இரண்டையும் கொடுத்துவிட்டால் வழக்கு மன்றத்தில் நிர்வாணமாக நிற்பான். நோவாவின் கதையில் போலவே, அவமானம் நிர்வாணமாக நிற்பவனைவிட அதைப் பார்ப்பவனையும் அதற்குக் காரணமானவனையும் சேரும். கடன்கொடுத்தவனின் பேராசை ஊரறிய வெளிப்படும். இவ்விளக்கத்தை எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. ஆயினும் அடகுச் சட்டங்களோடு அது நன்கு பொருந்துகிறது.

நெருடலான பக்கங்கள்

இறைவாக்கினர் எசாயா மூன்று ஆண்டுகள் ஆடையும் காலணியும் இன்றி நடந்ததாக அவரது நூல் கூறுகிறது (அதிகாரம் 20). எகிப்தியரையும் கூசியரையும் அசீரியர் சிறைப்பிடித்து அவ்வாறே இழுத்துச் செல்வர் என்பதற்கு அது அடையாளம். வரப்போகும் அவமானத்தை இறைவாக்கினர் தம் உடலிலேயே காட்டுகிறார்.

ஓசேயா 2, எசேக்கியேல் 16 ஆகிய அதிகாரங்கள் இதற்கு நேர்மாறானவை. எசேக்கியேலில் எருசலேம் ஒரு பெண்ணாக உருவகிக்கப்படுகிறது. கைவிடப்பட்ட குழந்தையாகக் கிடந்தவளைக் கடவுள் கண்டெடுக்கிறார். வளர்ந்தபின் நிர்வாணத்தை மூடி, பூவேலை செய்த ஆடையும் மெல்லிய துணியும் உடுத்துகிறார். அவள் துரோகம் செய்தபோது, காதலர் முன்னிலையில் அவளை அவரே ஆடையின்றி நிறுத்துகிறார். ஏதேனில் உடுத்திய அதே கை இங்கே உரிகிறது.

ரெனிட்டா வீம்ஸ் 1995இல் வெளியிட்ட 'அடிபட்ட அன்பு' என்ற பொருள்தரும் தலைப்பிலான நூலில் இவ்வுருவகங்களைக் கடுமையாக ஆராய்ந்தார். இது நகரத்தைப் பற்றிய உருவகம்தானே, உண்மைப் பெண் யாரும் துன்புறவில்லையே என்பது வழக்கமான சமாதானம். ஆனால் மனைவியை ஆடை உரித்துத் தண்டிப்பது கணவனின் உரிமை எனக் கேட்போர் ஏற்றால்தான் உருவகம் வேலை செய்யும். அடகுச் சட்டம் எளியவருக்குத் தந்த பாதுகாப்பு இங்கே பெண்ணுக்கு இல்லை. விவிலியம் தனக்குத் தானே முரண்படும் இடம் இது. இதை மழுப்பாமல் வாசிப்பதே நேர்மை.

சிலுவையும் திருமுழுக்கும்

நற்செய்திகளில் உரியப்படுபவர் இயேசுவே. கடைசி இரவு உணவின்போது மேலுடையைத் தாமே கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு சீடரின் காலடிகளைக் கழுவுகிறார் (யோவான் 13:4-5). மறுநாள் படைவீரர் அவருக்கு அரச நிற ஆடை உடுத்தி ஏளனம் செய்து, அதைக் கழற்றிச் சிலுவையில் அறைந்து, அவரது உடைகளைப் பங்கிடுகிறார்கள். தையல் இல்லாத அங்கிக்கு மட்டும் சீட்டுப் போடுகிறார்கள் (யோவான் 19:23-24). சிலுவையில் அறையப்படுவோரை ஆடையின்றித் தொங்கவிடுவது உரோமையர் வழக்கம். ஓவியங்களிலும் சிற்பங்களிலும் காணும் இடைத்துணி பெரும்பாலும் பிற்காலத்தவர் போர்த்திய நாணம். அது மரியாதையின் வெளிப்பாடே. என்றாலும் சிலுவைத் தண்டனையின் இழிவைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

தொடக்கத் திருச்சபை இந்த இழிவை மறைக்கவில்லை. எருசலேம் சிரிலின் பெயரில் வழங்கும் 4ஆம் நூற்றாண்டு மறையுரைகள், திருமுழுக்குப் பெறுவோர் ஆடை களைவதைச் சிலுவையில் இயேசுவின் நிர்வாணத்தோடும், வெட்கம் அறியாத ஆதாமின் நிலையோடும் ஒப்பிடுகின்றன. கிறிஸ்துவை அணிந்துகொள்வது பற்றிப் பவுல் கலாத்தியருக்கு எழுதியதன் (3:27) பின்னணியும் திருமுழுக்கே.

இறுதிக் கேள்வி

திருமண ஆடை இல்லாதவன் விருந்திலிருந்து வெளியே தள்ளப்படும் உவமை (மத்தேயு 22:11-13) உடை விதி போலத் தோன்றலாம். அந்த ஆடையை அன்பு என விளக்கினார் அகுஸ்தீன். அவ்விளக்கத்துக்கு மத்தேயுவின் 25ஆம் அதிகாரமே துணை நிற்கிறது. அங்கே இறுதித் தீர்ப்பில் யாரும் எப்படி உடுத்தியிருந்தார்கள் எனக் கேட்கப்படுவதில்லை. ஆடையற்றவருக்கு உடுத்தினார்களா என்பதே தீர்ப்பின் அளவுகோல்களில் ஒன்று.

திருவெளிப்பாட்டில் இலவோதிக்கேயா சபைக்கு வரும் கடிதமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது (3:17-18). கருநிறக் கம்பளிக்குப் பெயர்பெற்ற செல்வ நகரம் அது. எக்குறையும் இல்லை என்று எண்ணிய அச்சபையினரிடம், நீங்கள் நிர்வாணமாக இருக்கிறீர்கள், வெண்ணாடை வாங்கி உடுத்துங்கள் என்ற பொருளில் கூறப்படுகிறது. ஆடைக்குக் குறைவில்லாத ஊரில் வாழ்ந்தவர்களே அந்நூலின் கண்ணுக்கு நிர்வாணமாகத் தெரிந்தார்கள்.