கொளுவிய லூரைக் கழற்றும் வளையம்: கால்வாய்க் கரையில் ஒரு பரிசோதனை

பாரிசின் லா சப்பலில் சாமான் வாங்கி முடித்தவர்கள் பெரும்பாலும் கார் து நோர் பக்கமாகத்தான் திரும்புவார்கள். எதிர்ப்பக்கம், மெத்ரோ இரண்டாம் இலக்கப் பாதை தலைக்கு மேலே ஓட, அதன் கீழால் கிழக்கே நடந்தால் அடுத்த நிறுத்தம் ஸ்டாலின்கிராட். அதைத் தாண்டியதும் வில்லெத் நீர்நிலை. ஏறத்தாழ 800 மீற்றர் நீளம், 70 மீற்றர் அகலம். பாரிசுக்குக் குடிதண்ணீர் கொண்டுவர நெப்போலியன் 1802இல் உத்தரவிட்ட ஊர்க் (Ourcq) கால்வாய் இங்கேதான் வந்து நிரம்புகிறது. தெற்கே சன் மார்த்தன் கால்வாய் இதிலிருந்தே தொடங்குகிறது, வடக்கே சன் தெனிக் கால்வாய் ஊர்க் கால்வாயிலிருந்து பிரிகிறது. பின்னேரங்களில் சிறிய தடியும் தோள் பையுமாகப் பொடியள் கரையோரம் நடந்து நடந்து லூர் (மீனை ஏமாற்றும் போலி இரை) எறிவதைப் பார்க்கலாம். பெர்ஷ், சாண்ட்ர், ப்ரொஷே மூன்று மீனும் இந்தத் தண்ணீரில் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால், அல்லது இல்லாவிட்டால், ஆளையே இழுக்கிற சிலூரும் உண்டு.

மீனைவிட அதிகமாகக் கொளுவுவது வேறு. 2016 ஜனவரியில் சன் மார்த்தன் கால்வாயைத் துப்புரவாக்கத் தண்ணீரை இறைத்தபோது அடியில் என்ன கிடந்தது என்பதைப் பாரிஸ் முழுவதும் வேடிக்கை பார்த்தது. சேற்றுக்குள் சைக்கிள்கள், அவற்றில் பல நகரசபையின் வாடகை வெலிப்கள், கடைத் தள்ளுவண்டிகள், கதிரைகள், போத்தல்கள். அதற்கு முந்திய துப்புரவு 2001இல் நடந்தது. இடைப்பட்ட பதினைந்து வருடத்துக் குப்பை அது. பிறகு வந்த மின் ஸ்கூட்டர்களும் தண்ணீருக்குள் போகத் தவறவில்லை. 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பு வைத்து வாடகை ஸ்கூட்டர்களை நகரம் நிறுத்தியது என்றாலும், அதற்கு முன் விழுந்தவை தாமாக ஏறி வரப்போவதில்லை. சில்லுக் கம்பிக்குள் மும்முனை முள் போய் மாட்டினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டி நிற்கும் படகுகளின் சங்கிலியும் கயிறும் இதே வேலையைச் செய்யும். பெர்ஷ் ஒதுங்குவதும் அந்தப் படகுகளின் நிழலில்தான் என்பதால் அங்கே எறியாமல் இருக்கவும் முடியாது.

நல்ல கடின லூர் ஒன்று பத்து, பதினைந்து யூரோவுக்குப் போகிறது. ஒன்றை இழப்பது ஒரு கொத்து ரொட்டியைத் தட்டோடு கால்வாயில் போட்ட மாதிரி. அதனால் கொளுவிய லூரை மீட்கும் சாமான்களைக் கொஞ்சம் மெனக்கெட்டுப் பார்த்தேன். கடையில் விற்கும் ஈய வளையம், நீட்டி மடக்கும் தடி, வீட்டில் செய்தது ஒன்று. மூன்றையும் வில்லெத்திலும் சன் மார்த்தனிலும் வைத்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த முடிவு, சாமானின் தரத்தைவிட நீங்கள் நிற்கும் கோணம் பெரிது என்பதுதான். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

எந்தச் சாமானும் இல்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். லூர் மாட்டியதும் பலரும் தடியை வளைத்து இழுக்கிறார்கள். முள் இன்னும் ஆழமாக ஏறுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. மிதக்கும் வகை லூர் என்றால் நூலைத் தளர விட்டு அரை நிமிடம் சும்மா நில்லுங்கள். மேலே வர வேண்டும் என்பதே அதன் சுபாவம், தானே கழன்று எழும்பும். மூழ்கும் வகை என்றால் தடியைத் தாழ்த்தி நூலை இறுக்கி, ரீலுக்கும் தடியின் முதல் வளையத்துக்கும் நடுவில் நூலை விரலால் வில்நாண் போல இழுத்து விடுங்கள். அந்தச் சொடுக்கு முன்னால் போய்த் திரும்பும்போது ஒரு கணம் லூர் பின்னுக்கு நகரும். லேசாக மாட்டியவற்றில் பல இதிலேயே வந்துவிடுகின்றன.

வராதவற்றுக்குத்தான் வளையம். நூறு கிராமுக்குக் கொஞ்சம் கூடிய ஒரு கட்டி, அதன் நடுவில் அல்லது பக்கத்தில் நூல் நுழைய ஒரு திறப்பு, கீழே தொங்கும் இரண்டு மூன்று குட்டிச் சங்கிலிகள், மேலே ஒரு கயிறு. விலை பத்து யூரோ அளவில். கொளுவிய நூலை இறுக்கிப் பிடித்து வளையத்தை அதில் மாட்டி விட்டால், நூல் வழியே சறுக்கி லூரின் மூக்கில் போய் இடிக்கும். முள் எந்த வழியால் உள்ளே போனதோ அந்த வழியாலேயே பின்னுக்குத் தள்ளுகிற இடி அது. நூலைச் சற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்க, கட்டி தூக்கித் தூக்கிக் குத்தும். கையிலேயே அந்த டக் டக் தெரியும். இரண்டு மூன்று குத்தில் கழன்று விடுகிறவை உண்டு. அப்படியும் அசையாவிட்டால் சங்கிலிகள் மும்முனை முள்ளில் சுற்றிக்கொள்ளும் வரை ஆட்டி, தடியை விட்டுவிட்டு வளையத்தின் கயிற்றால் இழுக்க வேண்டும். முள் நிமிரும், அல்லது மாட்டிய குப்பையோடு சேர்ந்து வரும். எனக்கு ஒரு தடவை பாசி மூடிய சைக்கிள் சங்கிலி ஒன்று வந்தது, அதில் அதற்கு முன்னரே யாரோ இழந்த இன்னொரு லூரும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ஈயத்தில் வருவதும் இரும்பில் வருவதும் என்று இரண்டு வகை உண்டு. தண்ணீருக்குள் ஈயம் தன் எடையில் ஒன்பது வீதத்தையும், இரும்பு பதின்மூன்று வீதம் அளவையும் இழக்கும். கையில் பிடிக்கும்போது ஒரே எடை என்றாலும் அடியில் குத்தும்போது ஈயத்தின் குத்து கொஞ்சம் உறைப்பு. ஆனால் வித்தியாசம் அவ்வளவுதான், நான் இரும்பையே வாங்கச் சொல்வேன். இந்தக் கட்டியும் ஒருநாள் கயிறு அறுந்து கால்வாயிலேயே தங்கப் போகிற சாமான். தேம்ஸ் நதியில் ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால் பிரித்தானியா 1987இலேயே சிறிய ஈயக் குண்டுகளைத் தூண்டிலுக்குத் தடை செய்தது. நூறு கிராம் கட்டியை எந்த அன்னமும் விழுங்காது என்பது சரி, இருந்தாலும் ஈயம் ஈயம்தான்.

கடை வளையங்களின் பலவீனம் கட்டியில் இல்லை, கயிற்றில். நான் பார்த்தவற்றில் எல்லாமே மெல்லிய, கையை வெட்டும் கயிறோடுதான் வருகின்றன. வாங்கிய அன்றைக்கே கழற்றி, மூன்று மில்லிமீற்றர் பின்னல் நைலோன் கயிறு போடுங்கள். பொலிப்ரொப்பிலீன் வேண்டாம். அது தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். வில்லெத்தில் சுற்றுலாப் படகுகள் அடிக்கடி போய் வருவதால் மிதக்கும் கயிறு காற்றாடியில் சுற்றினால் வம்பு உங்களுக்குத்தான். நைலோன் மூழ்கும்.

இப்போது கோணம். இருபது மீற்றர் தள்ளி, மூன்று மீற்றர் ஆழத்தில் லூர் மாட்டியிருக்கிறது என்று வையுங்கள். கரையில் நின்று தடியைத் தலைக்கு மேலே பிடித்தாலும் நூல் ஏறக்குறையப் படுக்கையாகத்தான் போகும். வளையத்தை விட்டால் அதன் எடைக்கு நூல் தொய்ந்து, வளையம் பாதி வழியில் அடியில் விழுந்து கல்லைத் தட்டிக்கொண்டிருக்கும். லூரோ அதற்கு அப்பால் நிம்மதியாக இருக்கும். இந்தச் சாமான் உதவாது என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் பார்த்திருப்பார்கள். படகில் போய் லூருக்கு நேர் மேலே நின்று விடுவதற்காகவே வளையத்தை வடிவமைத்திருக்கிறார்கள். கரையில் நிற்கிறவர் அந்த நேர்மேலைத் தேடிப் போக வேண்டும்.

சன் மார்த்தனில் அது வாய்ப்பான காரியம். 1825இல் திறந்த அந்தக் கால்வாய் அகலம் குறைவு, அதன் குறுக்கே வளைந்த இரும்பு நடைபாலங்கள் நிற்கின்றன. ரீலின் பெயிலைத் திறந்து நூலை விட்டுக்கொண்டே பாலத்தில் ஏறி, லூருக்கு மேலே வந்து, பிறகு வளையத்தை இறக்கினால் அது கல் விழுவது போல நேரே போகிறது. எதிர்க்கரைக்கே போய்விட்டால் வளையம் தேவைப்படாமலும் போகலாம். எதிர்த் திசையில் இழுக்கும்போது முள் வந்த வழியே திரும்புகிறது. வில்லெத்தில் நடுவிலுள்ள வளைவு நடைபாலத்தின் அண்டையில் எறிந்தால் மட்டும் இந்த வசதி. நடுத் தொட்டியில் 35 மீற்றர் தள்ளி மாட்டியதை எந்த வளையமும் கொண்டு வராது.

இன்னொரு விசயம், எல்லா லூருக்கும் வளையம் ஒன்றுபோல வேலை செய்வதில்லை. லௌரி ராப்பாலா 1936இல் பின்லாந்தில் தக்கையைச் செதுக்கிச் செய்த மீன் வடிவத்தின் பரம்பரையில் வரும் கடின லூர்களுக்கு, அதாவது வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் தொங்குகிறவற்றுக்கு, இது கச்சிதம். சங்கிலிக்குப் பிடிக்க இடமிருக்கிறது, மூக்கில் இடிக்கப் பரப்பிருக்கிறது. 1938 முதல் பிரான்சில் செய்யும் மெப்ஸ் போன்ற சுழல் தகடுகளுக்கும் பரவாயில்லை. ஆனால் இப்போது பொடியள் அதிகம் எறிவது ஈயத்தலையில் ரப்பர் மீன் குத்திய ஒற்றை முள் வகை. அதன் தலையே கல்லிடுக்கில் போய்ச் செருகிக்கொள்வதால், வளையம் மேலிருந்து இடிக்க இடிக்க இன்னும் இறுகும். சங்கிலி சுற்ற முள்ளும் வெளியே நிற்காது. ரப்பர் மட்டுமே எறிகிறவர் இந்தப் பத்து யூரோவை மிச்சம் பிடிக்கலாம்.

நீட்டி மடக்கும் தடிக்கு வருவோம். நுனியில் பன்றி வால் போலச் சுருண்ட கம்பி, அதற்குள் நூலை நுழைத்துத் தடியை லூர் வரை தள்ளிச் சுழற்றித் தள்ள வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இதை விஞ்ச ஒன்றும் இல்லை. கட்டி நிற்கும் படகின் கயிற்றில், கரைச் சுவர்க் கல்லின் வெடிப்பில் மாட்டியதை ஒரு தள்ளில் எடுத்துவிடுகிறது, ரப்பர் மீனையும் சேர்த்து. ஆனால் நான்கு மீற்றர் தடி என்றால் தண்ணீருக்குள் உங்களுக்கு நான்கு மீற்றர் கிடையாது. கரையின் உயரமும் சாய்த்துப் பிடிக்கும் சாய்வும் கணிசமாகத் தின்றுவிடும். பூட்டும் இடங்களில் கால்வாய்ச் சேறு புகுந்து காய்ந்தால் மறுமுறை திறக்காது, வீட்டுக்கு வந்ததும் குழாயின் கீழே ஒவ்வொரு துண்டாகக் கழுவித் துடைக்க வேண்டியிருக்கிறது. மடக்கினாலும் கைத்தடி அளவுக்குக் குறையாத இதைப் பின்னேர நெரிசலில் இரண்டாம் இலக்க மெத்ரோவில் கொண்டு போவது தனிச் சித்திரவதை. கரையோரமே மீன் பிடிக்கிறவர், அதுவும் பக்கத்தில் வீடுள்ளவர், வாங்கலாம்.

மூன்றாவது, வீட்டுத் தயாரிப்பு. பிரெஞ்சுக் கடைகளில் முன்பு தராசுக்கு வைத்திருந்த வார்ப்பிரும்புப் படிக்கற்களைச் சன் துவான் பழஞ்சாமான் சந்தையில் இன்னமும் காணலாம். அறுகோண வடிவம், தலையில் ஓர் இரும்பு வளையம். திருப்பிப் பார்த்தால் அடியில் எடையைச் சரி செய்ய ஊற்றிய ஈயம் தெரியும். இருநூறு கிராம் கல் ஒன்றை எடுத்து, அதன் வளையத்தில் திறந்து மூடும் பெரிய கொக்கி ஒன்றைப் போட்டேன். நூல் நுழைய அது. சங்கிலிக்கு லா சப்பல் பூசைச் சாமான் கடையில் தூக்குவிளக்குக்கு விற்கும் பித்தளைச் சங்கிலியில் ஒரு சாண். பித்தளை துருப்பிடிக்காது, கண்ணிகள் முள்ளில் நன்றாகச் சிக்குகின்றன. கடைக்காரருக்கு இது எதற்கென்று விளங்கப்படுத்தியபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். எடை கூட என்பதால் கடை வளையத்தைவிடக் குத்து பலம். தீமையும் அதே எடைதான். மெல்லிய நூலில் கரடுமுரடான கொக்கி உரசினால் நூல் பஞ்சு பிடிக்கிறது. கொக்கியின் உட்பக்கத்தை மணல்தாள் போட்டு வழுவழுப்பாக்காமல் இறக்காதீர்கள்.

காந்தம் எறிந்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் தண்ணீருக்குள் காந்தம் எறிவதற்குப் பிரான்சில் இடமில்லை, போர்க்காலக் குண்டுகள் கிளம்பி வரும் ஆபத்தும் அதற்கு ஒரு காரணம். அது ஒருபுறம் இருக்க, நியோடிமியம் காந்தத்துக்கு உங்கள் சின்ன முள்ளைவிடப் பக்கத்தில் கிடக்கும் சைக்கிளில்தான் காதல். பிறகு காந்தத்தை மீட்க வேறு சாமான் தேட வேண்டும். யாழ்ப்பாணத்துக் குருநகரிலோ பாசையூரிலோ என்றால் யாராவது ஒருவர் குதித்து மூழ்கிக் கழற்றித் தந்துவிடுவார். வில்லெத்தில் 2017 முதல் கோடையில் குளிக்கத் தனி இடம் அடைத்து விடுகிறார்கள், அந்த அடைப்புக்கு வெளியே இறங்கக்கூடாது. அந்தச் சேற்றில் எதை மிதிப்பீர்கள் என்பதும் யோசிக்க வேண்டியது.

எந்தச் சாமானைப் பாவித்தாலும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெயில் கண்ணாடி போதும். இறுகிய நூலில் திடீரெனக் கழன்ற லூர் நேரே முகத்துக்குத்தான் வரும். மீன்பிடி அட்டை இல்லாமல் தடியை விரிக்க வேண்டாம் என்பதும், ஜனவரிக் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் கடைசிச் சனி வரை ப்ரொஷேக்கு மூடிய காலம், இந்தத் தண்ணீர்களில் அப்போது லூரே எறியக்கூடாது என்பதும் இங்கே நிற்கிறவர்கள் அறிந்ததுதான். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

எல்லாம் தோற்றால் அறுக்க வேண்டும். தடியால் அறுக்காதீர்கள், தடிதான் முறியும். பின்னல் நூலைக் கையில் சுற்றினால் சதையை வெட்டும், ஒரு தடித் துண்டில் நாலு சுற்றுச் சுற்றி, தண்ணீருக்கு முதுகு காட்டி நேரே பின்னால் நடவுங்கள். நுனியில் கட்டும் தங்கூசி பிரதான நூலைவிடப் பலம் குறைந்ததாக இருந்தால் லூருக்குப் பக்கத்தில் அறும், கால்வாயில் முப்பது மீற்றர் நூல் மிஞ்சாது. லூரோடு வரும் தடித்த மும்முனை முள்ளைக் கழற்றி மெல்லிய கம்பி முள் போட்டு வைப்பவர்களும் உண்டு. கொளுவிய இடத்தில் நிதானமாக இழுக்க முள் நிமிர்ந்து லூர் முழுசாகத் திரும்பி வருகிறது, குறட்டால் வளைத்து மறுபடி எறியலாம். பெர்ஷுக்கும் சாண்ட்ருக்கும் அந்த முள் தாராளம், சிலூர் பிடித்தால் தாங்காது.