கோப்பை கழுவியவள்

ஒரு தோழியின் வீட்டு விருந்தில் அவளுடைய கணவர் எங்கள் எல்லோருக்கும் ஓல்டு ஃபேஷன்ட் கலந்து கொடுத்தார். கொடுத்தார் என்பதைவிட நிகழ்த்திக் காட்டினார் என்று சொல்வதே பொருந்தும். கனத்த அடியுள்ள குட்டையான கண்ணாடிக் கோப்பை, அதில் ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் இரண்டு மூன்று சொட்டு அங்கோஸ்டுரா பிட்டர்ஸ், சில துளி தண்ணீர். மரக்கட்டையால் நசுக்கிக் கரைத்து, விஸ்கியை அளந்து ஊற்றி, பெரிய பனிக்கட்டி ஒன்றை இறக்கி, நீளக் கரண்டியால் கிண்டி, ஆரஞ்சுத் தோலை முறுக்கி அதன் எண்ணெயை மேலே தெளித்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு விளக்கம். நாங்கள் வாய் பிளந்து கேட்டோம்.

அந்த நேரம் முழுக்கத் தோழி அடுக்களையில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். பனிக்கட்டியை முந்தின நாளே உறைய வைத்ததும் தோலுக்கான ஆரஞ்சை வாங்கி வந்ததும் அவள்தான். எல்லோரும் போன பிறகு, கோப்பைகளின் அடியில் அப்பிக் கிடந்த சர்க்கரையை நானும் அவளும் சுரண்டினோம். "அவருக்கு ஒரு காபி போடத் தெரியாதுக்கா. இதுல மட்டும் சொட்டுக் கணக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சலிப்பு இருந்ததா பெருமை இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இந்தக் கலையின் வேதநூல் என்று அவர் ஒரு புத்தகத்தைச் சொல்லியிருந்தார். டேவிட் எம்பரி எழுதி 1948இல் அமெரிக்காவில் வெளிவந்த 'தி ஃபைன் ஆர்ட் ஆஃப் மிக்ஸிங் டிரிங்க்ஸ்'. தேடிப் படித்தேன். எம்பரி மதுக்கூடத்தில் வேலை பார்த்தவர் அல்ல, நியூயார்க் வழக்கறிஞர். குடிப்பவர், வீட்டுக்கு வரும் விருந்தினர்களுக்குக் கலந்து கொடுப்பவர் என்ற இடத்தில் நின்றே எழுதுகிறார். ஆறு பானங்களை அடிப்படை என்று வகுக்கிறார். அவற்றில் மன்ஹாட்டன், ஓல்டு ஃபேஷன்ட் இரண்டும் விஸ்கியில் செய்பவை. ஓல்டு ஃபேஷன்டுக்கு அவர் கணக்கு சுருக்கமானது. பன்னிரண்டு பங்கு அமெரிக்க விஸ்கி, ஒரு பங்கு சர்க்கரைப் பாகு, ஒன்று முதல் மூன்று சொட்டு பிட்டர்ஸ், மேலே எலுமிச்சைத் தோல். கட்டிச் சர்க்கரையை விட்டுப் பாகுக்குப் போனது எனக்குப் பிடித்திருந்தது. சாராயத்தில் சர்க்கரை லேசில் கரையாது. பாகு காய்ச்சிய எந்தப் பெண்ணுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புத்தகம் நல்ல புத்தகம். நகைச்சுவையும் துல்லியமும் உண்டு, மட்டமான சரக்கை ஒளித்துக் கலப்பவர்மேல் நியாயமான கோபமும் உண்டு. என் மனத்தாங்கல் அதன் தலைப்பிலேயே தொடங்குகிறது. தண்ணீரில் சர்க்கரை கரைப்பது, தோல் சீவுவது, அளப்பது, கிண்டுவது: இவை அடுக்களையில் நடந்தால் சமையல். வரவேற்பறையில் ஓர் ஆண் செய்தால் நுண்கலை. பிட்டர்ஸ் என்பதுதான் என்ன? மூலிகையும் பட்டையும் ஊறிய கசப்புச் சாறு. ஜெர்மானிய மருத்துவர் சீகர்ட் 1824இல் வெனிசுலாவின் அங்கோஸ்டுரா நகரில் வயிற்றுக் கோளாறுக்காகச் செய்தது. நம் பாட்டிகள் செய்ததற்குக் கஷாயம் என்று பெயர். அதற்கு யாரும் நுண்கலைப் புத்தகம் போடவில்லை.

பெண்கள் இந்த வேலையைச் செய்ததே இல்லை என்றால் இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். லண்டன் சவாய் ஹோட்டலின் அமெரிக்கன் பாரில் 1903 முதல் இருபதாண்டுக்கு மேல் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஏடா கோல்மன். அவர் உருவாக்கிய ஹாங்கி பாங்கி இன்றும் உலகெங்கும் கலக்கப்படுகிறது. ஆனால் 1930இல் வந்த புகழ்பெற்ற சவாய் காக்டெயில் நூல், அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த ஹாரி கிராடாக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எம்பரியின் புத்தகம் வந்த அதே 1948இல், டிசம்பர் மாதம், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஐம்பதாயிரம் பேருக்குமேல் வாழும் நகரங்களில் பெண்கள் மது கலக்கும் வேலை பார்க்கக் கூடாது என்று மிச்சிகன் மாநிலம் 1945இல் சட்டம் போட்டிருந்தது. அதில் ஒரு விலக்கு. கடையின் உரிமையாளர் ஆணாக இருந்தால் அவருடைய மனைவியும் மகளும் கலக்கலாம். டியர்பார்னில் மதுக்கூடம் நடத்திய வேலன்டைன் கோசார்ட்டும் அவருடைய மகள் மார்கரெட்டும் வழக்குத் தொடுத்தார்கள். கடை தாயுடையது, அதனாலேயே தாயும் கலக்க முடியாது, மகளும் கலக்க முடியாது.

ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர்கள் தோற்றார்கள். பெரும்பான்மைக்காக எழுதியவர் ஃபீலிக்ஸ் ஃப்ராங்க்ஃபர்ட்டர். ஷேக்ஸ்பியர் காலத்தின் குறும்புக்கார மதுக்கடைப் பெண்களை அவர் தீர்ப்பில் நினைவுகூர்கிறார். அதாவது பெண்கள் காலங்காலமாக இந்தத் தொழிலில் இருந்தவர்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், மாநிலம் விரும்பினால் தடுக்கலாம் என்கிறார். தந்தையோ கணவரோ உரிமையாளராக இருந்து கவனித்துக்கொண்டால் ஆபத்து குறையும் என்று மாநிலம் நம்பலாமாம். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ரட்லெட்ஜ் சரியான இடத்தில் விரல் வைத்தார். ஆண் உரிமையாளர் கடைப் பக்கமே வராவிட்டாலும் அவர் மனைவியும் மகளும் கலக்கலாம். பெண் உரிமையாளரோ, ஒழுங்கைக் காக்க ஓர் ஆணை வேலைக்கு வைத்தாலும் தானும் கலக்க முடியாது, மகளையும் கலக்கவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. அதே கடைகளில் பெண்கள் பரிமாறும் வேலை பார்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. தட்டில் ஏந்திக் குடிகாரர்களின் மேசைக்கு நடுவே நடக்கலாம்; மேடைக்குப் பின்னால் நின்று கலக்கக் கூடாது. ஆபத்து எங்கே அதிகம்? கலப்பது மதிப்பான வேலை, சம்பளமும் சன்மானமும் உள்ள வேலை. ஏந்துவது ஏற்கெனவே பெண்ணுடையது. பாதுகாப்பு என்ற சொல்லை யாராவது நம் நன்மைக்காகச் சொல்லும்போது அந்தப் பக்கம் எந்தக் கூலி கைமாறுகிறது என்று பார்ப்பது நல்லது.

எம்பரிக்கும் இந்தச் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. அவரைக் குற்றவாளியாக்க நான் வரவில்லை. ஆனால் அந்த ஒரே ஆண்டில், தொழிலாகச் செய்யாத ஆணுக்கு அது கலையாகவும், தொழிலாகவே செய்த பெண்ணுக்கு அது குற்றமாகவும் இருந்தது.

'மேட் மென்' தொடரைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். டான் டிரேப்பர் விருந்தொன்றில் ஆளில்லாத மதுமேடையைத் தாண்டிக் குதித்து, முன்பின் அறியாத ஒரு முதியவருக்கு ஓல்டு ஃபேஷன்ட் கலக்கிறான். போர்பன் இல்லை, ரை விஸ்கியில் செய்கிறான். அந்த முதியவர் கான்ராட் ஹில்டன் என்று பிறகு தெரிகிறது. பெரிய வணிக உறவு அங்கே பிறக்கிறது. அதே தொடரில் அவனுடைய சின்ன மகள் சாலியும் வீட்டு விருந்தாளிகளுக்குப் பானம் கலக்கிறாள். அவளுக்குக் கிடைப்பது சமர்த்துப் பெண் என்ற தட்டிக்கொடுத்தல். மனைவி பெட்டி மெனக்கெட்டு ஒரு விருந்து வைத்து ஹெய்னகன் பீர் வாங்கி வைக்கிறாள். இல்லத்தரசிகள் இதை இப்படித்தான் வாங்குவார்கள் என்று கணவன் அலுவலகத்தில் போட்ட கணக்குக்கு அவளே உதாரணமாகி, விருந்தாளிகள் முன் கேலிப்பொருள் ஆகிறாள். மூவரும் ஒரே வீட்டில் செய்வது ஒரே வேலை. தொடரின் ரசிகர்கள் போலச் செய்து பார்ப்பது டானின் கோப்பையை மட்டும்தான்.

இதை எழுதும்போது ஒரு குரல் எனக்குள் இடைமறித்துக்கொண்டே இருக்கிறது. குடியால் அழிந்த வீடுகளில் அடி வாங்கியவர்கள் பெண்கள். 1992இல் நெல்லூர்ப் பெண்கள் சாராயத்துக்கு எதிராகத் தெருவுக்கு வந்தது வெறும் ஒழுக்கவாதம் அல்ல. கூலிப்பணம் வீடு வந்து சேர வேண்டும் என்ற கேள்வி அது. அமெரிக்காவிலும் மதுவிலக்கைக் கேட்ட பெரும் அமைப்புகளில் ஒன்று பெண்களுடையது. அவர்களுக்கு எதிராக ஒரு கோப்பையைத் தூக்கிப் பிடித்து விடுதலை என்று சொல்ல எனக்கு நா எழாது. நான் கேட்பது வேறு. குடியின் செலவைச் சுமப்பவளும், அதன் மேடையில் ஏற அனுமதி இல்லாதவளும் ஒருத்தியாகவே இருப்பது எப்படி?

மிச்சிகன் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் கைவிட்டது. நம் நாட்டில் 1914ஆம் ஆண்டு பஞ்சாப் கலால் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பொதுமக்கள் மது அருந்தும் இடங்களில் பெண்களையும் 25 வயது நிரம்பாத ஆண்களையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. டெல்லியில் அது நடைமுறையில் இருந்தது. அனுஜ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று முடித்து வைத்தது 2007 டிசம்பரில்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோழி என் வீட்டுக்குத் தனியாக வந்தாள். எம்பரியின் கணக்கை எடுத்து வைத்தேன். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் 60 மில்லிக்கு ஒரு தேக்கரண்டி. இருமல் மருந்து பாட்டிலின் மூடியால் அளந்தேன், அது பத்து மில்லி, ஆறு மூடி. பாகு முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. எம்பரி சொல்லும் எலுமிச்சை நம் கடையில் கிடைக்கும் எலுமிச்சை அல்ல என்பதால் சாத்துக்குடித் தோலைச் சீவிப் போட்டேன். பெரிய பனிக்கட்டிக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து உறைய வைத்திருந்தேன். கொதித்து ஆறிய தண்ணீர்தான், ஆனாலும் நடுவில் வெள்ளையாகத்தான் வந்தது.

ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குதுக்கா. ஆனா நல்லா இருக்கு" என்றாள். அவர் செய்ததைவிடவா என்று நான் கேட்கவில்லை. அவளே கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு நான் இதக் குடிக்கவே இல்ல, தெரியுமா? எனக்கு ஒண்ணு கலக்க யாருக்கும் தோணல" என்றாள்.

கிளம்பும்போது பழக்கத்தில் இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். "வை, காலைல பாத்துக்கலாம்" என்று வாங்கி வைத்தேன்.