ஒரு நாள் லீவு

மார்கழியில் ஸ்ரீரங்கத்துப் பகல் பத்து, இராப் பத்து உற்சவங்களில் பாசுரமே பிரதானம். இங்கிலாந்தின் கிறிஸ்துமஸுக்கும் அப்படி ஒரு நூல் வாய்த்தது: 1843இல் டிக்கன்ஸ் எழுதிய 'கிறிஸ்துமஸ் கரோல்'. அதில் வரும் புட்டிங்கும் நடனமும் நம் பொன்மலை ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் வழக்கமாயின. ஆனால் கதையின் உயிர் அவற்றில் இல்லை. வேலை செய்யாத ஒரு நாளுக்குக் குமாஸ்தாவுக்குச் சம்பளம் தர வேண்டியிருக்கிறதே என்று ஸ்க்ரூஜ் முணுமுணுக்கிறானே, அங்கே இருக்கிறது. திருச்சிக் குமாஸ்தாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம்.

குறை ஒன்று உண்டு. குமாஸ்தாவின் விடிவை எஜமானின் மனமாற்றத்துக்கே விட்டுவிட்டார் டிக்கன்ஸ். ஆவிகள் வந்து மிரட்டினால்தான் இரக்கம் பிறக்குமென்றால், ஆவி வராத ஆபீஸில் வேலை பார்ப்பவன் என்ன செய்வான்? பண்டிகையின் மறுநாளையும் வங்கி விடுமுறையாக்கிய சட்டம் 1871இல்தான் வந்தது. இருந்தாலும் மார்கழிதோறும் அந்த முணுமுணுப்புக்காகவே புத்தகத்தை எடுக்கிறேன்.