சவுத்தாலில் ‘அசல்’ வட இந்தியச் சாப்பாடு: சில குறிப்புகள்

நம்மூரில் அல்வாக்கடை, பிரியாணிக்கடைகளில் ‘ஒரிஜினல்’ என்று பலகை வைப்பார்கள். அது பக்கத்துக் கடைக்காரரோடு போடும் சண்டை. வெளிநாட்டு இந்திய உணவகங்களில் எழுதியிருக்கும் ‘அசல்’ வேறு ரகம். அது சாப்பிட வருகிறவரின் மனதில் இருக்கும் சந்தேகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் பதில். ‘இங்கே கிடைப்பது வெள்ளைக்காரர்களுக்காக மாற்றிய சாப்பாடு இல்லை, ஊரில் சாப்பிடுகிற மாதிரியே இருக்கும்’ என்கிற வாக்குறுதி.

அந்த வாக்குறுதியை அது கொடுக்கப்பட்ட இடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம் என்றுதான் லண்டனின் மேற்கே சவுத்தாலுக்குப் போனேன். இதைவிடப் பொருத்தமான இடம் பிரிட்டனில் குறைவு. ரயில் நிலையப் பெயர்ப்பலகையே ஆங்கிலத்தோடு குர்முகியிலும் இருக்கும். 1950களில் இங்கிருந்த ரப்பர் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த பஞ்சாபிகளில் தொடங்கி, இன்று தெருவுக்குத் தெரு ஜிலேபி பிழிகிற ஊர். கூட வந்தவர் ஜலந்தர் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த நண்பர். உணவகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மெனு அந்தச் சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் இருக்கிறது.

நாங்கள் வாங்கியவை: தால் மக்கனி, சர்ஸோன் கா சாக், மக்கி ரொட்டி, பட்டர் சிக்கன், மலாய் கோஃப்தா, பனீர் மக்கனி, தந்தூரில் சுட்ட ஆட்டு நெஞ்செலும்புத் துண்டுகள், நான். கூடவே மோகோ என்று ஒரு வறுவல். அதைப் பற்றிப் பிறகு.

முதலில் தால். தால் மக்கனிக்கு அடிப்படை முழுக் கறுப்பு உளுந்து. நாம் தோலை நீக்கி அரைத்து இட்லிக்குப் போடுவதை அவர்கள் தோலோடு, கொஞ்சம் ராஜ்மாவும் சேர்த்து, ராத்திரி ஊறவைத்து மணிக்கணக்கில் சின்னத் தீயில் வேகவைக்கிறார்கள். உளுந்தை ஆட்டும்போது கையில் ஒட்டுமே ஒரு கொழகொழப்பு, அதுதான் இங்கே தாலைக் கெட்டியாக்க வேண்டும். பருப்பு பாதி கரைந்தும் பாதி உருவம் கலையாமலும் இருக்கணும். வெண்ணெயும் க்ரீமும் கடைசியில் சேர்கிற மெருகு மட்டுமே. எங்களுக்கு வந்த தாலில் பருப்பு தனி, குழம்பு தனி. கெட்டித்தன்மை முழுக்க க்ரீமிலிருந்து வந்தது. குக்கரில் சீக்கிரம் வேகவைத்து, வேகாத நேரத்தை க்ரீமால் மூடியிருந்தார்கள். விலை 12 பவுண்டு.

அடுத்தது சாக். நாங்கள் போனது ஜூலை மாதம். கடுகுக் கீரை பஞ்சாபில் குளிர்காலப் பயிர். பனிமூட்ட நாட்களில் வயலிலிருந்து ஒடித்து வந்து, கூடவே பசலையும் பதுவாக் கீரையும் சேர்த்து, நெடுநேரம் வேகவைத்துக் கடைந்து, கொஞ்சம் மக்காச்சோள மாவு தூவி இறுக்கி, மேலே வெள்ளை வெண்ணெய் வைத்துச் சாப்பிடுவார்கள். ஜூலையில் பஞ்சாபிலேயே அது பருவம் இல்லை. ஆகவே தட்டில் வந்தது டின் சாக், அல்லது உறைய வைத்தது. நண்பர் ஒரு வாய் வைத்துவிட்டு, “எங்கம்மா வெயில் காலத்துல இதை அடுப்புலயே ஏத்த மாட்டாங்க” என்றார். மக்கி ரொட்டி இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுத்தது. மக்காச்சோள மாவில் கோதுமையில் இருக்கிற ஒட்டும் தன்மை கிடையாது. உருட்டுக்கட்டையால் தேய்த்தால் பிய்ந்துவிடும், வெந்நீர் விட்டுப் பிசைந்து கையால்தான் தட்டணும். அதனால் விளிம்பு வெடித்திருக்கும், வட்டம் ஒழுங்காக இருக்காது. எங்களுக்கு வந்ததோ காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம். கோதுமை மாவு கணிசமாகக் கலந்திருந்தது.

பட்டர் சிக்கன், கோஃப்தா, பனீர் மூன்றுக்கும் குழம்பு ஒன்றுதான். மூன்றிலும் நானைத் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தோம், வித்தியாசம் தெரியவில்லை. அண்டா நிறையக் குழம்பு முன்கூட்டியே செய்து வைப்பது எந்தப் பெரிய சமையலறையிலும் நடப்பதுதான், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அண்டாவிலிருந்து எடுத்த பிறகு ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு வேலை இருக்கிறது. ஒன்றுக்குக் கசூரி மேத்தி, ஒன்றுக்கு முந்திரி விழுது, ஒன்றுக்குக் கோழி ஊறிய தயிரும் புகையும். அந்தக் கடைசி ஐந்து நிமிடம்தான் சமையல். அது இங்கே நடக்கவில்லை.

நன்றாக இருந்ததையும் சொல்லணும். ஆட்டு நெஞ்செலும்பு அருமை. தந்தூரில் கொழுப்பு சொட்டி தணலில் விழ, அந்தப் புகை திரும்பி மேலே வந்து கறியில் ஏறுகிறது. அந்த வேலையை டின்னில் அடைக்க முடியாது. நானும் அப்படித்தான். ஒட்டிய பக்கம் மண்சுவரின் சூட்டில் மொறுமொறுப்பு, வெளிப்பக்கம் தணலின் வெக்கையில் கொப்புளம். தந்தூர் முன்னால் நின்றவருக்கு வேலை தெரிந்திருக்கிறது.

இதுவரை எழுதியது ஒரு உணவகத்தைப் பற்றிய குறை நிறை. ஆனால் திரும்பி வரும்போது ரயிலில் நண்பரிடம் கேட்டேன்: “இதுல எதெல்லாம் உங்க வீட்டுல சமைப்பாங்க?” அவர் சொன்னது: சாக், மக்கி ரொட்டி, க்ரீம் இல்லாத உளுந்து தால். அவ்வளவுதான். நான் கூட வீட்டில் கிடையாது, வீட்டில் தவாவில் சுட்ட கோதுமை ரொட்டிதான். பஞ்சாப் கிராமங்களில் தந்தூர் உண்டு, ஆனால் அது பல வீட்டுப் பெண்கள் கூடி ரொட்டி சுடுகிற பொது அடுப்பு. பட்டர் சிக்கன் கல்யாணத்திலும் ஹோட்டலிலும் சாப்பிடுவது.

அப்படியானால் ‘அசல்’ என்று எதை வைத்து அளப்பது?

பட்டர் சிக்கனின் ஊர் பஞ்சாப் கிராமம் அல்ல, தில்லியின் தரியாகஞ்ச். பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து வந்தவர்கள் 1947இல் அங்கே மோத்தி மஹல் உணவகத்தைத் தொடங்கினார்கள். குந்தன் லால் குஜ்ரால், குந்தன் லால் ஜக்கி ஆகியோரின் பெயர்கள் அதோடு சேர்ந்தவை. தந்தூரி கோழியையும் பட்டர் சிக்கனையும் பிரபலமாக்கியது அந்தக் கடை. பட்டர் சிக்கனையும் தால் மக்கனியையும் கண்டுபிடித்தது யார் என்று இரு தரப்பு வாரிசுகளின் நிறுவனங்களும் 2024இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. ஊரையே விட்டு வந்தவர்கள் பிழைப்புக்காகப் புது நகரத்தில் உருவாக்கிய சமையல் இது. நூற்றாண்டுப் பாரம்பரியம் என்று மெனு அட்டையில் அச்சடிப்பதற்கு இதில் இடமில்லை. தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்பதையும் சேர்த்துக்கொண்டால், ‘காலங்காலமாக’ என்ற சொல்லை இன்னும் ஜாக்கிரதையாகத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

இப்போது மோகோவுக்கு வருகிறேன். மரவள்ளிக்கிழங்கைத் துண்டுபோட்டு வறுத்து, உப்பு, மிளகாய், எலுமிச்சை போட்டுத் தருகிறார்கள். பெயர் சுவாஹிலி மொழியிலிருந்து வந்தது. பஞ்சாபில் யாரும் இதைச் சாப்பிடுவதில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன பஞ்சாபிகளும் குஜராத்திகளும் அங்கே பழகிய கிழங்கு இது. 1960களின் கடைசியில் கென்யாவிலிருந்தும், 1972இல் இடி அமீன் விரட்டியபோது உகாண்டாவிலிருந்தும் பிரிட்டனுக்கு வந்தவர்கள் அதைக் கையோடு கொண்டுவந்தார்கள். அன்றைக்கு எங்கள் மேசையில் ‘வட இந்திய உணவு’ என்ற பெயருக்குக் கொஞ்சமும் பொருந்தாதது மோகோதான். சவுத்தால் மக்களின் உண்மையான வாழ்க்கையை அப்படியே சொன்னதும் அதுதான். சமைத்தவருக்கு அதில் யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அதனாலோ என்னவோ, மிகக் கச்சிதமாகவும் இருந்தது.

என் முதல் ஆட்சேபம் இதுதான். ‘அசல்’ என்ற பலகை சமைப்பவரைத் தன் சொந்த வரலாற்றை மறைக்கச் சொல்கிறது. கென்யா வழியாக வந்த குடும்பம், தான் நேராக அமிர்தசரஸிலிருந்து இறங்கியதுபோல் நடிக்க வேண்டியிருக்கிறது. ஜூலையில் சாக் போட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘அசல்’ கேட்டு வருகிறவர் அதைத் தேடுவார்.

இரண்டாவது, ‘வட இந்திய’ என்ற சொல். பிரிட்டனில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் உணவகமாகச் சொல்லப்படுவது 1810இல் லண்டனில் ஷேக் தீன் முகமது திறந்த ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ். அவர் பாட்னாக்காரர். இருநூறு வருடம் கழித்தும் அந்தப் பாட்னாவின் லிட்டி சோக்காவை வட இந்திய மெனுவில் தேடித்தான் பிடிக்கணும். காஷ்மீரத்தின் ஹாக் கீரை, ராஜஸ்தானின் கேர் சங்ரி, அவத் பகுதியின் தெஹ்ரி எதுவும் இல்லை. பஞ்சாபின் ஹோட்டல் சமையல் மொத்த வடக்கின் பெயரையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

இதைச் சொல்ல நமக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும். சென்னையில் ‘நார்த் இண்டியன்’ என்று சொல்லி நாம் வாங்குவதும் இதே பனீர் பட்டர் மசாலாவும் நானும்தானே? மறுபக்கம், பிரிட்டிஷ் கறி கடைகளில் ‘மெட்ராஸ்’ என்று ஒரு குழம்பு உண்டு. சென்னையில் யாரும் கண்டிராத குழம்பு. அந்தக் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் சில்ஹெட்டிலிருந்து வந்த வங்காளிகள். அவர்கள் மெனுவில் மெட்ராஸ் என்றால் கொஞ்சம் காரம், விண்டாலு என்றால் அதைவிடக் காரம். ஒரு நகரத்தின் பெயர் மிளகாய்ப் பொடியின் அளவாகிவிட்டது. அதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பாட்னாக்காரர் சென்னையில் நம் ‘நார்த் இண்டியன்’ பக்கத்தைப் பார்த்தால் அவரும் அப்படித்தான் சிரிப்பார்.

மூன்றாவது, விலை. 12 பவுண்டு தால் அதிக விலை என்று நான் சொல்ல வரவில்லை. பல மணி நேரம் அடுப்பில் இருக்கும் தாலுக்கு லண்டன் வாடகையில், லண்டன் சம்பளத்தில் அது நியாயமான விலைதான். ஆனால் அந்த நேரத்துக்கான காசை வாங்கிக்கொண்டு நேரத்தைக் கொடுக்காமல் விடுவது ஏமாற்று. இதில் சாப்பிடுகிற நமக்கும் பங்கு உண்டு. இத்தாலிய உணவகத்தில் ஒரு தட்டு பாஸ்தாவுக்கு முணுமுணுக்காமல் கொடுக்கிற காசை, ‘பருப்புக்கா இவ்வளவு?’ என்று இந்திய உணவகத்தில் கொடுக்க மறுக்கிறோம். அந்த அழுத்தம்தான் குக்கரையும் டின்னையும் ஒரே அண்டாவையும் கொண்டுவந்து வைக்கிறது.

அதே வாரம் ஹாவ்லாக் சாலையில் 2003இல் திறந்த பெரிய குருத்வாராவின் லங்கரிலும் சாப்பிட்டேன். தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் யாருக்கும் சாப்பாடு உண்டு. அங்கே தாலில் க்ரீம் இல்லை, தக்காளி பெயருக்குத்தான். ஆனால் பருப்பு கரைந்து குழம்போடு ஒன்றாகியிருந்தது. பெரிய பாத்திரமும் அவசரப்படாத கைகளும் செய்த வேலை. அங்கே வாடகைக் கணக்கு இல்லை, சமைப்பது தொண்டு. ஆகவே உணவகத்தை அதோடு ஒப்பிட்டு மட்டம் தட்டுவது நியாயமாகாது. தால் எப்படி இருக்க முடியும் என்று தெரிந்துகொள்ள மட்டும் அந்த ஒப்பீடு உதவும்.

சவுத்தால் போகிறவர்களுக்கு என் யோசனை: ‘அசலா?’ என்று கேட்காதீர்கள். யார் கேட்டாலும் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். ‘தால் எப்போ அடுப்புல வச்சீங்க?’, ‘இன்னிக்கு என்ன கீரை வந்துச்சு?’ என்று கேளுங்கள். நேராகப் பதில் வந்தால் உட்காருங்கள். தந்தூரில் சுட்டதை வாங்குங்கள். வெயில் காலத்தில் சாக் வேண்டாம், டிசம்பரில் போனால் கேளுங்கள். மோகோவை மட்டும் எந்த மாதமானாலும் விடாதீர்கள்.